காட்டுக்காரர் டிராக்டரில் ஓடிய டிவி

போன வாரம் மகன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டு வேன் ஒன்று. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி. கரண்டே இல்லாத ஒரு காட்டில் அதை நிறுத்திவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பேட்டரியில் டிவி பார்க்கிறார்கள். என்ன பேட்டரி, எந்த ஒயர், எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்த ஆள் பாடம் நடத்துகிறான்.

"பாத்தியாம்மா, என்ன மூளை!" என்றான் மகன்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "இத நாங்க டிராக்டர் டிரெய்லர்ல பண்ணிட்டோம்டா. அதுவும் பொம்பளைங்க பண்ணுனோம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குச் சொல்லிப் பயனில்லை. என் வயதுக்காரர்களான உங்களுக்குச் சொல்கிறேன். ஊருக்கு ஒரே டிவி இருந்த காலம் உங்களுக்குத் தெரியும். அதன் முன்னால் யார் நாற்காலியில், யார் தரையில், யார் ஜன்னலுக்கு வெளியே என்பதும் தெரியும். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்குத் தெற்கே, கரிசல் மண். பருத்திதான் எல்லாம். அந்த ஒரே டிவி காட்டுக்காரர் வீட்டில் இருந்தது. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். ஊரில் பாதிக் காடு அவருடையது என்பதால் அவர் காட்டுக்காரர். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அவரிடம்தான் பருத்தி எடுத்தார்கள். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை செய்தார். வாரக் கடைசியில் வருவார். வீட்டை ஓட்டியது அம்மாவின் எடுப்புக் கூலி.

டிவி ஆரஞ்சு நிறப் பெட்டி. மேலே கைப்பிடி இருக்கும், கூடை மாதிரித் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கறுப்பு வெள்ளைப் படம். பின்பக்கம் வீட்டுக் கரண்டுக்கு ஒரு துளை, பேட்டரிக்கு ஒரு துளை. பேட்டரி ஒயரின் நுனியில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு கிளிப்புகள், நண்டுக் கொடுக்கு மாதிரி. கரண்ட் போனால் காட்டுக்காரர் டிராக்டரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, அதன் பேட்டரியில் கிளிப்பை மாட்டி டிவி பார்ப்பார். ஊரே வாயைப் பிளந்து நிற்கும்.

ஒரு வருஷம் பருத்தி எடுப்பில்தான் சித்தி விழுந்தாள்.

அப்போதெல்லாம் பருத்திக்கு மருந்தடிப்பது கணக்கில்லாமல் நடக்கும். காய்ப்புழு, வெள்ளை ஈ, எது வந்தாலும் மருந்து. இன்று அடித்தால் நாளைக் காலை காட்டுக்காரர் எங்கள் பெண்களைக் காட்டில் இறக்கிவிடுவார். வெடித்த பருத்தி மண்ணில் கொட்டிவிடுமாம். இலையில் கை பட்டால் பிசுபிசுக்கும். அழுகிய பூண்டு மாதிரி ஒரு வாடை. அந்தக் கையோடு கஞ்சி குடித்தால் கஞ்சியிலும் அதே வாடை. நானும் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் போவேன். இன்றுவரை எனக்குப் பூண்டு உரிக்கப் பிடிக்காது.

ஒரு நாள் மதியம் சித்தி செடிகளுக்கு நடுவே சாலுக்குள் குப்புற விழுந்தாள். வாயில் நுரை. பெண்கள் தூக்கி வந்து வேப்ப மரத்தடியில் போட்டார்கள். காட்டுக்காரர் ஓடி வந்தார். சோடா வாங்கிவரச் சொன்னார். பிறகு சொன்னார்: "காலையில கஞ்சி குடிக்காம வந்தா இப்புடித்தான் மயக்கம் வரும். எத்தினி தடவ சொல்றது இவளுங்களுக்கு!" ஆஸ்பத்திரியில் வெயில் மயக்கம் என்று எழுதினார்கள். சித்தி பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் கைகள் நடுங்க ஆரம்பித்தன. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். அவளுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

அம்மா காட்டுக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த எடுப்புக்குக் கூப்பிட மாட்டார். அவ்வளவுதான் காரணம்.

கொஞ்ச நாளில் டிவிக்காரர்கள் வந்தார்கள். விவசாய நிகழ்ச்சிக்குப் படம் பிடிக்க, பருத்தி நன்றாக விளைந்த காட்டைத் தேடி வந்திருந்தார்கள். காட்டுக்காரர் முகத்தில் பவுடர் போட்டு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். கேமராவைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "நல்ல மகசூலுங்க, நல்ல மகசூலுங்க" என்று அதையே சொன்னார். பிறகு வந்தவர்களுக்கு இளநீர் வெட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

அப்போது கேள்வி கேட்பவர் அம்மாவிடம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா மடியில் கட்டிய பருத்தியோடு நிமிர்ந்தாள். நான் பக்கத்தில் சாக்கு பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"மருந்தடிச்ச மறுநாளே எங்கள காட்டுல எறக்குறாங்க சார். கண்ணு எரியுது, தல சுத்துது. எந் தங்கச்சி நொர தள்ளி வுழுந்தா. இன்னிக்கி வரைக்கும் கைநடுக்கம் நிக்கல. மூணு நாளு ஆறப்போட்டு எறக்கச் சொல்லுங்க. எடுக்க மாட்டோம்னு சொல்லல சார். ஆறப்போடச் சொல்றோம்."

"நல்லா பேசுனீங்க. அப்புடியே போட்டுருவோம்" என்றார் அவர்.

அன்று இரவு அம்மா எங்கள் தெருப் பெண்களிடம் சொன்னாள்: "நான் சொன்னா கூலிக்காரி பேச்சு. டிவி சொன்னா கவர்மெண்டே சொன்ன மாதிரி. அவரே சேர்ல ஒக்காந்து கேக்கணும்." அதன் பிறகு எங்கள் தெருவே அந்த நாளுக்காகக் காத்திருந்தது. கேலிக்குக் குறைவில்லை. "உங்கம்மா டிவியில வந்தா எங்கள மதிப்பாளாடி?" என்று பெரியம்மா என்னைக் கிள்ளுவாள். ஆனால் எல்லாருக்கும் தெரியும், அது சும்மா முகம் காட்டுகிற விஷயம் இல்லை என்று.

நிகழ்ச்சி வரப்போகும் நாளைச் சொல்லி அனுப்பினார்கள். அந்த நாளில் நாங்கள் ஊரில் இருக்கப்போவதில்லை.

காட்டுக்காரருக்கு ஒரு நேர்த்திக்கடன். எடுப்பு முடிந்ததும், எடுத்த பெண்கள் அத்தனை பேரையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்த் தங்குவார். சோறு அவர் செலவு. கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது, அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். ஒரு கையால் சோறு போட்டவர் மறு கையால்தான் மருந்துக் காட்டில் இறக்கினார்.

"டிவிய வுட்டுட்டா போவேன்? எங்காடு வருதுல்ல!" என்று சொல்லி, ஆரஞ்சுப் பெட்டியைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். மூங்கிலில் கட்டிய ஏரியலும் வந்தது.

கொள்ளிடக் கரைக்கு இந்தப் பக்கம் ஒரு புளியந்தோப்பில் இறங்கினோம். டிரெய்லருக்கு மேல் படுதாக் கூரை, உள்ளே வைக்கோல், அதன் மேல் பருத்திச் சாக்கு. கீழே மூன்று கல் வைத்து அடுப்பு. அதுதான் எங்கள் வேன். கரண்ட் கம்பி கோயில் பக்கத்தோடு நின்றுவிட்டது.

காட்டுக்காரருக்குப் புது மருமகன் ஒருவர் இருந்தார். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு மரத்தடியிலேயே இருப்பார். காலையிலிருந்து டிராக்டர் பேட்டரியில் டேப் ரெக்கார்டரை மாட்டிப் பாட்டுப் போட்டார். மதியம் டிவியில் மேட்ச். டிரைவர் மாமா பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, எஞ்சின் ஓடாம பேட்டரிய இழுத்தா எறங்கிரும்" என்றார்.

"யோவ், இது என்ன டார்ச்சு லைட்டு பேட்டரியா? டிராக்டர் பேட்டரிய்யா. ரெண்டு நாளு ஓடும்."

சாயங்காலத்துக்குள் படம் சுருங்க ஆரம்பித்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பேட்டரி இறங்கும்போது அந்தப் பெட்டிகளில் படம் நான்கு பக்கமும் உள்ளே ஒடுங்கும். ஓரத்தில் கறுப்புக் கட்டம் ஏறிக்கொண்டே வரும். ஆட்டக்காரர்கள் எறும்பு அளவுக்கு ஆனார்கள். அப்புறம் அதுவும் போய்விட்டது. டிரைவர் மாமா ஏறிச் சாவியைத் திருகினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டி எழவில்லை.

காட்டுக்காரர் மருமகனை ஒன்றும் சொல்லவில்லை. மருமகனை யார் சொல்வார்கள்? டிரைவரைத்தான் திட்டினார். பிறகு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "போவட்டும் வுடு. எங்காடு எங்க போயிரும்? காலையில மெக்கானிக்கக் கூட்டியாரலாம். வாங்க கோயிலுக்கு" என்று கிளம்பிவிட்டார். டிரைவர் மாமாவைத் தவிர ஆண்கள் எல்லாரும் பின்னால் போனார்கள்.

அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையை மடக்கி வைத்தாள்.

"தம்பி, தள்ளுனா வண்டி கெளம்புமா?"

டிரைவர் மாமா தலையைச் சொறிந்தார். "கெளம்பும்க்கா. ஆனா இங்க மணலு. கரை மேல ஏத்தி, அந்தாண்ட சரிவுல உருட்டிவுட்டாத்தான் ஆவும். ஆம்பளைங்க எல்லாம் போயிட்டாங்களே."

"ஏன், பருத்தி மூட்டைய ஆம்பளையா வந்து நம்ம தலையில தூக்கி வுட்டான்?" என்றாள் பெரியம்மா, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டே.

"மொதலாளி கேட்டா?"

"நான் பதில் சொல்லிக்கிறேன். நீ ஸ்டேரிங்க புடி" என்றாள் அம்மா.

டிரெய்லரைக் கழற்றினோம். பெரிய சக்கரத்துக்கு அடியில் பருத்திச் சாக்கை விரித்தோம். மணலில் பிடிமானம் வேண்டுமே. ஒரு சாக்கு தாண்டியதும் நான் அதை உருவிக்கொண்டு ஓடி, முன்னால் விரிப்பேன். பெண்கள் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மண் சூடு, டீசல் வாடை, வளையல் உடைகிற சத்தம். சித்தியும் தள்ளினாள். "நீ வேணாம்டி" என்று யாரோ சொன்னதற்கு, "கைதான் நடுங்குது, காலு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பாதிக் கரையில் வண்டி பின்வாங்கியது. பெரியம்மா ஒரு கல்லைச் சக்கரத்துக்கு அடியில் உதைத்துத் தள்ளி நிறுத்தினாள். எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். ஒருத்தரும் போதும் என்று சொல்லவில்லை. மறுபடி தோள் கொடுத்தார்கள். கரை உச்சிக்கு ஏறியது. அந்தப் பக்கம் உருட்டிவிட்டோம். டிரைவர் மாமா கியரைப் போட்டு கிளட்சை விட்டார். வண்டி இரண்டு குதி குதித்து நின்றது. திரும்பவும் தள்ளினோம். சரிவு முடிகிற இடத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு உறுமியது.

பெண்கள் போட்ட சத்தம் கோயில்வரை கேட்டிருக்கும்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு தோப்புக்குத் திரும்பினார் டிரைவர் மாமா. "இப்ப மாட்டக்கூடாது. எஞ்சின் ஓடுனா டைனமோ படத்துல கோடு போடும், சத்தத்துல பேச்சும் கேக்காது. நல்லா ஏத்திக்கிட்டு, நிகழ்ச்சி வர்ற நேரத்துக்கு நிறுத்திருவோம். எம்புட்டு நேரம் தாங்குமோ தாங்கட்டும்" என்றார். நாங்கள் ஓடுகிற எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்தோம், உலை கொதிக்கக் காத்திருக்கிற மாதிரி.

தன் டிராக்டர் சத்தம் கேட்டுக் காட்டுக்காரர் பாதிப் பூசையில் ஓடி வந்தார். "எவன்டா வண்டிய எடுத்தது?"

டிரைவர் மாமா புத்திசாலி. "பொம்பளைங்கதான் தள்ளுனாங்க மொதலாளி. உங்க காடு டிவியில வருதுல்ல, பாத்தே ஆவணுமாம்."

காட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்காட்டு மேல இம்புட்டு ஆசையா இவளுங்களுக்கு!" என்று மருமகனிடம் சொன்னார். நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். சாகும்வரை அவர் அப்படித்தான் நம்பினார். அவர் காட்டின் அழகைப் பார்க்க நாங்கள் டிராக்டரை மணலில் தள்ளினோமாம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏரியலைப் பெரியம்மா சூரியன் விழும் பக்கம், திருச்சித் திசையில் பிடித்துக்கொண்டாள். எஞ்சினை நிறுத்தினார்கள். திடீரென்று காதடைத்த மாதிரி அமைதி. அம்மா தானே சிவப்புக் கிளிப்பை மாட்டினாள். டிரைவர் மாமா கறுப்பை மாட்டினார். பெட்டி முனகிக்கொண்டு விழித்தது.

முதலில் காட்டுக்காரர் வந்தார். "நல்ல மகசூலுங்க." எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு காடு. வெடித்த பருத்தி. கூடவே ஒரு ஆம்பளைக் குரல், காலாகாலத்தில் மருந்தடித்தால் எவ்வளவு லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் அம்மாவின் கைகள். அப்புறம் அம்மாவின் முகம்.

அம்மாவின் வாய் அசைந்தது. குரல் வரவில்லை. அந்த ஆம்பளைக் குரலே பேசியது. மருந்தின் பெயர், கலக்கும் அளவு. அம்மா கண்ணை அகல விரித்து "எந் தங்கச்சி" என்று சொல்கிற இடம் எனக்கு உதட்டசைவிலேயே தெரிந்தது. அதன் மேல் அவன் மகசூல் பேசினான்.

"அம்மா பேசுனத வெட்டிட்டாங்க!" என்று நான் கத்தினேன்.

"சத்தம் போடாத புள்ள" என்றார் காட்டுக்காரர். "உங்கம்மா மொகந்தான் வருதுல்ல. பாரு, என் பருத்தி எப்புடி வெள்ளையா இருக்குன்னு!"

ஏன் வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நேரம் போதவில்லையோ, மருந்து விற்பவன் கோபித்துக்கொள்வான் என்றோ. அப்படியே போடுகிறேன் என்று சொன்ன அந்த ஆளை இன்று பார்த்தாலும் கேட்பேன்.

படம் ஓரத்தில் ஒடுங்க ஆரம்பித்தது. கறுப்புக் கட்டம் அம்மாவின் முகத்தை நெருங்கியது. அம்மா எழுந்தாள். டிராக்டரிடம் போனாள். சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கினாள். ஒரு வெள்ளைப் புள்ளி நின்று, அணைந்தது.

"ஏய், என்ன பண்ற?"

"டிவியில வெட்டிட்டாங்க மொதலாளி. நான் பேசுனத நானே சொல்லிட்டுப் போறேன்."

சொன்னாள். அன்று காட்டில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். சார் என்ற இடத்தில் மட்டும் மொதலாளி. கை கிளிப்பைப் பிடித்தபடி இருந்தது. "மூணு நாளு ஆறப்போடுங்க. எடுக்க மாட்டோம்னு சொல்லல."

மருமகன் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டார். காட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். "அவ கஞ்சி குடிக்காம வந்து வுழுந்தா. அதுக்கு நானா..."

சித்தி எழுந்து அவர் முன்னால் வந்தாள். வலது கையை நீட்டினாள். மிச்சமிருந்த வெளிச்சத்தில் விரல்கள் ஆடுவது எல்லாருக்கும் தெரிந்தது.

"இப்ப வயிறு நெறைய உங்க சோத்தத்தான் மொதலாளி தின்னுருக்கேன்" என்றாள்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, "பூசைக்கு நேரமாச்சு" என்று நடந்துவிட்டார். பாதிப் பூசையில் வந்தவர், இப்போது பூசைக்கு நேரமாச்சாம். பெரியம்மா அதுவரை ஏரியலைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாள். "இத கீழ போடலாமாடி?" என்று கேட்டாள். அப்போதுதான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சித்தி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரேயடியாக இறங்கிப்போன பேட்டரி பழையபடி எழாது என்றார் டிரைவர் மாமா. அப்படியே ஆயிற்று. குளிர் நாளில், மழை நாளில், நினைத்த நாளில் வண்டி மக்கர் செய்யும். எடுப்புக்கு வரும் பெண்கள் தள்ளிவிட்டுத்தான் காட்டில் இறங்குவார்கள். டிரைவர் மாமா புது பேட்டரி கேட்டபோது காட்டுக்காரர் சொன்னார்: "தள்ள இத்தினி பொம்பளைங்க இருக்கும்போது எதுக்குடா புதுசு?"

அடுத்த வருஷ எடுப்பு. மருந்தடித்த மறுநாள் காலை. காட்டு ஓர வண்டிப்பாதையில் டிராக்டர் நின்றது. நாங்கள் மடியில் சாக்கைக் கட்டிக்கொண்டு பாதையிலேயே நின்றோம். காட்டிலிருந்து பூண்டு வாடை வீசியது.

"எறங்குங்க, ஏன் நிக்கிறீங்க?" என்றார்.

"நேத்துதான் அடிச்சீங்க மொதலாளி. ஆறட்டும்" என்றாள் அம்மா.

"ஓகோ! குரும்பலூர்ல ஆளே இல்லன்னு நெனச்சியா? டிரெய்லர் நெறைய ஏத்திக்கிட்டு வரேன் பாரு. டேய், எட்றா வண்டிய!"

டிரைவர் மாமா ஏறிச் சாவியைத் திருகினார். டக். மறுபடி திருகினார். டக். காட்டுக்காரரே அவரைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்து திருகினார். டக்.

இருக்கையிலிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்தார். பழக்கம், பாவம். "தள்ளுங்களேன்" என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் மாமா குனிந்து டயரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், சிரிப்பு தெரியாமல் இருக்க. காட்டுக்காரர் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு நகராத வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளு ஆறுனதும் வரோம் மொதலாளி" என்றாள் அம்மா. "அன்னிக்கி வண்டியவும் தள்ளித் தரோம்."

மூன்று நாள் ஆறியதும் போனோம். வண்டி அதே இடத்தில் நின்றது. முதலில் பருத்தியை எடுத்தோம். அப்புறம்தான் வண்டியைத் தள்ளினோம்.